பெயர்த்த சிலையும் பெயராச் சிலையும்

(தூத்துக்குடியில் ஆற்றிய உரை)



முத்துக்குளித்துறையில் நின்று பேசுகிறேன். வெள்ளையனை எதிர்த்துச் சிதம்பரனார் கப்பல் விட்ட துறை இது. அவரை நேரில் கண்டவர் நம்மில் எவருமிலர். எனினும் கண்ணை மூடி அவரை எண்ணினால், நம்மில் பலர்க்கு ஒரு நடிகரின் முகமன்றோ தோன்றுகிறது? 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் செக்கிழுத்த செம்மலாகவே வாழ்ந்து காட்டிய சிவாஜி கணேசனின் முகம்!

வரலாற்றுக்கு முகம் தந்த அக்கலைஞருக்கு, 2006 ஜூலை 21-ல் சென்னைக் காமராசர் சாலையில், கடற்கரைக்கு எதிரே சிலை எழுந்தது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் திறந்து வைத்தார். போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்கு வந்தது. அகற்றுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2017 ஆகஸ்டில் சிலையைப் பெயர்த்தெடுத்து, அடையாற்றில் எழுந்த மணிமண்டபத்திற்குக் கொண்டு சென்றனர்.

நெஞ்சு வலித்தது, மறைப்பானேன்? ஆயினும், சாலையைக் கடப்போன் உயிர் சிலையினும் பெரிதன்றோ? குறை நீதிமன்றத்திடம் இல்லை. வண்டிகள் விரையும் சந்தியில் நிறுத்திவிட்டு, ஆண்டுக்கொரு மாலையோடு கடமை முடிந்ததெனக் கருதும் நம்மிடமே குறை!

சிலை வைப்பது எப்படி என்பதை அந்தக் கலைஞரே நமக்குக் கற்றுத் தந்தார். எங்கே? இதே மாவட்டத்துக் கயத்தாற்றில்! 1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டிய கட்டபொம்மனை வெள்ளையர் தூக்கிலிட்ட மண் அது. 1959-ல் கட்டபொம்மனாக நடித்தார் சிவாஜி. மறு ஆண்டு கெய்ரோவில், ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். புகழ் கிடைத்தது, போதும் என்று இருந்தாரா? இல்லை! கயத்தாற்றில் தம் பணத்தில் நிலம் வாங்கினார். 1970-ல் வீரனுக்குச் சிலை எழுப்பினார். தலைநகரத்துச் சந்தியை அவர் தேடவில்லை; வீரன் மாண்ட மண்ணைத் தேடினார். அச்சிலை இன்றும் அங்கேயே நிற்கிறது!

ஆகவே, சிலைக்கு நிதி திரட்டப் புறப்படுவோரே, முதலில் உங்களையே கேளுங்கள்: அந்த இடத்துக்கும் அந்த மனிதருக்கும் உறவு உண்டா? சிறுவன் ஒருவன் அச்சமின்றி அருகே நின்று அண்ணாந்து பார்க்க முடியுமா? ‘இவர் யார்?’ என்று அவன் கேட்டால் விடை சொல்ல ஆள் உண்டா?

கயத்தாறு வழியே செல்லும்போது சற்றே இறங்குங்கள். கட்டபொம்மனை வணங்குங்கள். அவனுக்கு அங்கே இடம் தேடித் தந்த கலைஞரையும் எண்ணிப் பாருங்கள். அவருக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறுண்டோ?