மூன்று இலக்கத்தின் ரகசியம்

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பாங்கிக் கார்டு மோசடியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். இதைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று சிலர் நினைக்கலாம். நான் பாங்கி உத்தியோகஸ்தனுமல்ல. பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கிடைத்த புஸ்தகங்களைப் புரட்டித் தெரிந்து கொண்டவன். ஆனால் நான் ஏமாந்தவன். அந்த ஒரு யோக்கியதை எனக்குப் பூரணமாக உண்டு. (சிரிப்பு)

2021-ம் வருஷம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு டெலிபோன் வந்தது. "ஐயா, பாங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கார்டு இன்று மாலையோடு ரத்தாகிறது" என்றான் ஒருவன். யார் சொன்னாலும் ஏன், எப்படி என்று கேளுங்கள் என்பதாக இருபது வருஷமாய் ஊர் ஊராகப் பேசி வந்த நான், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் என் கார்டின் முதல் ஆறு இலக்கங்களை அவனே சொன்னான். நான் சொக்கிப் போனேன். மீதி இலக்கங்களை நானே சொன்னேன். காலாவதித் தேதி சொன்னேன். முதுகிலுள்ள மூன்று இலக்கத்தைச் சொன்னேன். அப்புறம் போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் சொன்னேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "யார் அது, நம்பரெல்லாம் எதுக்குக் கேக்குறான்?" என்றார். "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்றேன். பெண் விடுதலை பேசுகிறவன் சொன்ன வார்த்தை அது! அடுத்த நிமிஷம் ரூ. 9,400 போய்விட்டது. அந்த வீட்டில் அன்று பகுத்தறிவோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நிற்க, அவன் சொன்ன ஆறு இலக்கத்தின் கதை என்ன? கார்டின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள், கார்டு கொடுத்த பாங்கி எது என்பதைக் காட்டுகிற அடையாளம். அதே பாங்கியில் அதே தினுசு கார்டு வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதே இலக்கங்கள்தான். ஜோசியன், "உனக்கு ஒரு மனக்கவலை இருக்கிறது" என்று சொல்லுவதில்லையா? யாருக்குத்தான் இல்லை? அது மாதிரிதான் இது. கடைசி இலக்கமும் பெரிய மர்மமல்ல. ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஒரு கூட்டல் முறையில், முன்னுள்ள இலக்கங்களிலிருந்து அது வருகிறது. எழுதுகையில் கை தவறினால் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டதே தவிர, திருடனைத் தடுப்பதற்கு ஏற்பட்டதல்ல.

ஆனால் முதுகிலுள்ள மூன்று இலக்கம் வேறு ஜாதி. சி.வி.வி. என்கிறார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் அது நான்கு இலக்கமாய் முன்பக்கத்திலே இருக்கும். முன்பு கார்டு நம்பரும் தேதியும் தெரிந்தால் போதும், டெலிபோனிலேயே யாரும் யார் பேரிலும் சாமான் வாங்கிவிடலாம். கடைக் குப்பையில் கிடக்கும் ரசீதைப் பொறுக்கினவனுக்கே வேட்டைதான். ஆகவே, கேட்கிறவன் கையில் கார்டு உள்ளபடியே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக 1990-களின் பிற்பகுதியில் இந்த இலக்கத்தைக் கொண்டு வந்தார்கள்.

இது எப்படி வருகிறது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். கார்டு நம்பர், காலாவதித் தேதி, இன்னொரு சிறு குறியீடு ஆகியவற்றை, பாங்கி பூட்டி வைத்திருக்கும் ரகசியச் சாவி எண்களோடு சேர்த்து ஒரு யந்திரம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் விடையிலிருந்து எடுத்ததுதான் இந்த மூன்று இலக்கம். நீங்கள் கடைக்குக் கொடுக்கும் போது பாங்கி மறுபடியும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கிறது. அப்படியானால் கேட்கிறேன்: தானே கணக்குப் போட்டு, தானே அச்சடித்துக் கொடுத்து, எந்த நிமிஷமும் மறுபடி கணக்குப் போடக்கூடிய எண்ணை, பாங்கி உங்களுக்கு டெலிபோன் செய்து கேட்பானேன்? இந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் 9,400 ரூபாய் பிழைத்திருக்கும்.

இன்னொரு சங்கதி. கார்டின் கறுப்புக் காந்தப் பட்டையிலும் இப்படி ஓர் எண் உண்டு. ஆனால் அது வேறு. சிப்பில் இருப்பது அதற்கும் வேறு. பட்டையை மாத்திரம் கள்ளத்தனமாய் நகலெடுத்தவனுக்கு முதுகிலுள்ள மூன்று இலக்கம் கிடைக்காது. முதுகைப் போட்டோ பிடித்தவனால் பட்டையைச் செய்ய முடியாது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ரகசியம் என்று பெயர் வைத்து அதைக் கார்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்களே, அது பூட்டிலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

மேலும் மூன்று இலக்கமென்றால் ஆயிரம் எண்கள்தான். ஒரே கடையில் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தால் தடுத்துவிடுவார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான இணையக் கடைகளில் ஆளுக்குச் சில தடவையாகப் போட்டுப் பார்த்தால்? 2016-ல் இங்கிலாந்தின் நியூகாசில் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்தே காட்டினார்கள். கார்டு நம்பரை மாத்திரம் வைத்துக் கொண்டு, தேதியையும் மூன்று இலக்கத்தையும் சில விநாடிகளில் கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்தது. அன்று மாஸ்டர்கார்டு அமைப்பு இதைக் கண்டுகொண்டு தடுத்தது. விசா அமைப்பு தடுக்கவில்லை. ஆகையால், "நீ வாயைத் திறந்திருப்பாய், அதனால்தான் பணம் போயிற்று" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லுவது நியாயமே அல்ல.

இப்போது என் கதையின் மிச்சத்தைக் கேளுங்கள். பதினொரு மணிக்கே பாங்கிக்கு ஓடி, எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். கார்டை உடனே நிறுத்துகிறோம் என்றார்கள், நிறுத்தவில்லை. மாலை நான்கு மணிக்கு எங்கோ வெளிநாட்டுக் கடையில் ரூ. 3,150 போயிற்று. அதற்கு ஓ.டி.பி.யே வரவில்லை. இந்த நாட்டில் 2009 ஆகஸ்டு முதல் இணையத்தில் கார்டு உபயோகிக்க இரண்டாவது சோதனை ஒன்று வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி கட்டாயமாக்கியது. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே அந்த மூன்று இலக்கமே போதும்.

மானேஜர், "எல்லாம் உங்கள் அஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நான் 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கி சர்க்குலரைத் தேடிப் படித்தேன். அதில் என்ன இருந்தது? வாடிக்கைக்காரர் தாமே ரகசியத்தைச் சொல்லியிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பின் ஆவது பாங்கியினுடையது. அவர் மேலும் குற்றமில்லை, பாங்கி மேலும் குற்றமில்லை என்கிற போது, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டமே கிடையாது. குற்றம் அவருடையதென்று ருசுப்பிக்க வேண்டிய பொறுப்பும் பாங்கியினுடையதே. முத்திரை நகலோடு இதை எழுதிப் போட்டேன். நாற்பது நாளில் ரூ. 3,150 திரும்பி வந்தது. 9,400 வரவில்லை, அது என் வாய்க்குக் கொடுத்த அபராதம்.

எங்கள் தெருவில் சித்தாள் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவர் யாரிடமும் எந்த எண்ணையும் சொன்னவரல்ல. பணம் போனதைப் பாஸ் புஸ்தகத்தில் பார்த்தும், மகன் ஏசுவானே என்று இருபது நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளும் போயிற்று, ஏழு வேலை நாளும் போயிற்று. அதற்கு மேல் பாங்கி தன் சொந்தக் கொள்கைப்படி பார்க்கும் என்றார்கள். ஒரு பைசாவும் வரவில்லை. அந்த அம்மாளின் பணத்தைக் கொண்டு போனவன் திருடன். அது திரும்பி வராமல் செய்தது நாம். ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் இருபது நாள் மறைத்தார்.

ஆகவே பணம் போனால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே பாங்கிக்குச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் பேசுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த அதில் வழியுண்டு. ஓட்டலிலோ கடையிலோ கார்டை உள்ளே எடுத்துக் கொண்டு போக விடாதீர்கள். யந்திரத்தை உங்களிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். நேரில் பணம் கட்ட அந்த மூன்று இலக்கம் எதற்கும் தேவையில்லை. அதை வீட்டில் எழுதி வைத்துவிட்டு, கார்டின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

2020 அக்டோபர் முதல், கார்டு உபயோகத்தை நாமே நிறுத்தவும் திறக்கவும் பாங்கிகள் வசதி செய்து தர வேண்டுமென்று உத்தரவாகியிருக்கிறது. வெளிநாட்டுக் கடையில் வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? கார்டும் போனும் கையில் உள்ளவர்கள் இப்போதே வலது பக்கத்து மேஜைக்கு வாருங்கள். வாசகசாலைத் தோழர்கள் இருவர் அங்கே இருக்கிறார்கள். வெளிநாட்டு உபயோகத்தை எப்படி நிறுத்துவது என்று காட்டுவார்கள். விசையைத் தொடுகிற விரல் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் கேட்டால்கூட எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். (சிரிப்பு, கைதட்டல்) தாய்மார்கள் முதலில் வரலாம்.