களைப்பும் செங்குருதிக் கலமும்

அட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் பொழுது புலர்ந்ததும் பெரட்டுக்களம் கூடுகிறது. பேர் பதிந்தபின், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் மலையேறுகின்றனர். அவர்களுள் ஒருத்தி பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறாள். கண் இருள்கிறது, கால் கனக்கிறது. ‘வேலை செய்த களைப்பு’ என்கிறாள் அவள். ‘பனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறாள் பக்கத்து நிரைக்காரி. பல வேளைகளில் உண்மைக் காரணம் இவ்விரண்டுமன்று. குருதியில் இரும்பு குறைந்திருப்பதேயாகும்.

மனித உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒரு வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடலுக்குக் கலம் அப்படி. ஆனால் செங்கல் உயிரற்றது. கலமோ உண்கிறது, உழைக்கிறது, மடிகிறது. ஒவ்வொரு கலமும் உழைப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். அதனை நுரையீரலில் ஏற்றி, உடலெங்கும் கொண்டுசென்று இறக்கும் சுமையாளே செங்குருதிக் கலம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரை 1000 கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 7 கூறுதான். முதிர்ந்த செங்கலத்துக்குக் கரு இல்லை. ஆகவே அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. சுமார் 120 நாள் ஓடியாடி உழைத்து அழிந்துவிடுகிறது. அழிந்தவற்றை ஈடுசெய்ய எலும்பு மச்சை ஒவ்வொரு விநாடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய கலங்களை ஆக்கிக்கொண்டேயிருக்கிறது.

இக்கலத்தினுள் நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் என்னும் பொருளே ஒட்சிசனைப் பற்றிக்கொள்வது. பற்றும் கை இரும்பணு. இரும்பு குறைந்தால் கலம் சிறுத்து வெளிறுகிறது, சுமையும் குறைகிறது. இதுவே இரும்புக் குறைவால் வரும் குருதிச்சோகை.

மலையகத்தில் இக்குறை மேலும் கடுமையாவதற்கு அதன் உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுசெய்ய உடல் கூடுதலான ஈமோகுளோபினை ஆக்க முயல்கிறது. அதற்குக் கூடுதலான இரும்பு வேண்டும். ஆகையால் கொழும்பில் ஒரு பெண்ணுக்குப் போதுமானதாகக் கருதப்படும் ஈமோகுளோபின் அளவு, மலை உச்சியில் வாழ்பவளுக்குப் போதாததாகலாம். உலகச் சுகாதார நிறுவனமும் உயரத்துக்கேற்ப அளவைத் திருத்திக் கணிக்குமாறு கூறுகிறது.

வருவது போதாமலிருக்க, இருப்பதைத் திருடவும் ஓர் உயிர் உண்டு, அதுவே கொழுக்கிப்புழு. மலத்தோடு நிலத்தில் விழும் அதன் முட்டை, ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. நுவரெலியாவின் கடுங்குளிர் அதற்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. தாழ்ந்த மலைத் தோட்டங்களின் மண்ணே அதற்கு உகந்தது. குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்துக் குருதியில் நுழைகிறது. நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. நூறு புழுக்கள் குடியிருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் குருதி போய்விடும். அதிலுள்ள இரும்பு சுமார் ஒன்றரை மில்லிகிராம். உடல் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறினும், உணவிலிருந்து நாள்தோறும் சேர்வதே ஓரிரு மில்லிகிராம்தான் என்பதை நோக்கினால் இழப்பின் பெருமை விளங்கும்.

இப்புழுவை ஒழிக்க ரொக்பெல்லர் நிதியத்தின் சுகாதாரப் பிரிவு 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்ததும் புழு வெளியேறியது. ஆயினும் மலசலகூடம் இல்லாத லயங்களில் மண் மாசுபட்டே இருந்தது. மருந்துண்டவன் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் புழுவைப் பெற்றான். உடலைத் தூய்மை செய்து சூழலை அப்படியே விட்டால் நோய் திரும்பிவரும் என்பது அன்று கற்ற பாடம். பின்னாளில் மலசலகூடங்களும் காலணியும் புழு மருந்தும் பெருகப் பெருகவே அதன் கொடுமை தணிந்தது.

புழு தணிந்தும் சோகை முற்றாக நீங்கிவிடவில்லை. மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்ணுக்கும், கருவுற்றவளுக்கும் இரும்பின் தேவை அதிகம். மாவு ரொட்டியும் சாயத்தேநீருமே பசியாற்றும் வீட்டில் அத்தேவை நிறைவேறுவது அரிது. இங்கே ஒரு விந்தையும் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றின் இரும்போடு குடலில் பிணைந்து, அது உடலிற் சேராமல் தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் சேரும் இரும்பு பாதிக்கும் மேலாகக் குறையக்கூடும். கொழுந்து பறிக்கும் கையே அறியாமல் தன் இரும்பைத் தடுத்துக்கொள்கிறது!

இதற்காகத் தேநீரைத் துறக்க வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினாற் போதும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அதனை அருந்தலாம். பருப்பையும் கீரையையும் அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு பிழிந்துகொண்டால் அதிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பைச் சேர்க்க உதவும். சிறிதளவு நெத்தலிக் கருவாடும் நன்று. கருவுற்ற தாய் சிகிச்சை நிலையத்தில் பெறும் இரும்புக் குளிசையையும் தேநீரோடு விழுங்கலாகாது. நீரோடு உட்கொள்வதே முறை.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் அந்தப் பெண்ணின் தலைமேலேயே ஏற்றிவிடுதல் நீதியாகாது. பருப்பும் கருவாடும் வாங்கக் கூலி போதியதாயிருக்க வேண்டும். லயத்துக்குத் தூய நீரும் மலசலகூடமும் அமைய வேண்டும். மூச்சு வாங்கி நிற்பவளைச் சோம்பேறி என்று ஏசுவதற்குமுன், அவள் குருதியைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கூடையின் நிறையை ஒவ்வொரு நாளும் தராசில் இட்டுப் பார்க்கும் தோட்டத்தில், அதைச் சுமப்பவளின் குருதியையும் உரிய காலத்தில் அளந்து பார்ப்பது பெரிய காரியமன்று.