யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு பஸ்ஸில்



ஒவ்வொரு வருடமும் பாடசாலை விடுமுறை கிட்ட வரும்போது நம்மவர் வீடுகளில் ஒரே கதைதான். இந்த முறை ஊருக்குப் போவதா, இல்லையா? போகிறவர்களின் பயணமும் அநேகமாக ஒரே மாதிரித்தான். கட்டுநாயக்காவில் இறங்குவோம். சொல்லி வைத்த வான் வாசலில் நிற்கும். பெட்டிகளை ஏற்றிவிட்டு நித்திரை கொண்டால் விடியும்போது யாழ்ப்பாணம். நாலு கிழமை கோவில் திருவிழா, கலியாணம், உறவினர் வீடுகள். பிறகு அதே வான், அதே நித்திரை, விமானம். "ஊருக்குப் போய் வந்தோம்" என்கிறோம். நாட்டைப் பார்த்தோமா என்று கேட்டால் பதில் இல்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். சிறுவயதில் யாழ்ப்பாணத்தைத் தாண்டியதே அருமை. விபரம் தெரிந்த வயதில் 1983 வந்தது. அதற்குப் பிறகு உல்லாசப் பயணம் போகும் நிலைமை இருக்கவில்லை. 1990இல் ஜேர்மனிக்கு வந்தால், இங்கேயும் எல்லைதான். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய பகுதியை விட்டு வெளியே போவதற்கு அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். பக்கத்து நகரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் களவாகப் போய் வந்த கதைகள் உங்களிடமும் இருக்கும். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, 2003இல் முதல் தடவை போனேன். ஓமந்தையில் இறங்கிப் பதிந்து, முகமாலையில் மறுபடி இறங்கிப் பதிந்து, ஊரைக் கண்டதே பெரிய காரியமாக இருந்தது. 2006இல் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009இல் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு போன பயணங்கள் எல்லாம் நான் முதலில் சொன்ன வான் பயணங்கள்தான்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அதை மாற்றியது என் மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் மே மாதம்தான் 49 யூரோ ரிக்கற் ஜேர்மனியில் தொடங்கியிருந்தது. சிநேகிதிகளோடு சின்ன ரயில்களில் மாறி மாறி ஏறி கடற்கரைவரை போய் வந்தவளுக்குத் துணிவு வந்துவிட்டது. "அம்மா, இலங்கையில் பஸ் ஓடவில்லையா? ஏன் எப்பவும் வான்?" என்று கேட்டாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் ஒரு பையோடு நம் நாட்டை முழுக்கச் சுற்றுகிறார்கள், மொழி தெரிந்த எங்களுக்கு ஏன் பயம் என்று கேட்டாள். கணவர் வேலை காரணமாக வரவில்லை. நானும் மகளும் பதின்மூன்று வயது மகனும் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, நுவரெலியா, எல்ல, பதுளை என்று போவதாகத் தீர்மானித்தோம்.

முதலில் சாமான் பற்றிச் சொல்கிறேன். பெரிய சூட்கேஸ்களை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு தோள்பையோடு புறப்பட்டோம். இதுதான் முக்கியமான விஷயம். பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் குறைவு. மடியில் வைக்கக்கூடிய பைதான் வசதி. சிவப்பு நிற பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையவை. மற்றவை தனியார் பஸ்கள். கொண்டக்டர் நம் இடத்துக்கு வந்துதான் காசு வாங்குவார். சில்லறை நோட்டுகளை மாற்றி வைத்திருங்கள். முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கியவை. தெரியாமல் அதில் போய் இருந்த மகன், ஒரு பிக்கு ஏறியதும் துள்ளி எழும்பினான்.

காலையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கண்டி பஸ் ஏறினோம். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. ஏறக்குறைய 320 கிலோமீற்றர். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர். வானின் இருட்டில் நித்திரையில் கடந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பிள்ளைகள் கண்டது அன்றுதான். முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது பழைய வழக்கம்.

கிளிநொச்சியில் ஏறிய ஒரு பெண் எங்கள் பக்கத்தில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். "ஜெர்மனியில இருந்து வந்து பஸ்ஸுல போறீங்களா?" என்று சிரித்தார். அவர் பேசிய தமிழ் யாழ்ப்பாணத் தமிழ் இல்லை. குடும்பம் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம். 1977 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களில் ஒன்று. இப்போது அக்கா மகளின் சடங்குக்குப் போகிறார்.

மதவாச்சிச் சந்தியில் பஸ் நின்றபோது, மேற்கே போகும் வீதியைக் காட்டி, "இது மன்னார் ரோடு. எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்த வழியாத்தான் நடந்து வந்தாங்க" என்றார். மகள் நிமிர்ந்து இருந்தாள். நான் பாடசாலையில் படித்து மறந்த சரித்திரத்தை பஸ்ஸுக்குள் அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

நேயர்களே, அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1820களில் வெள்ளைக்காரர் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காடுகள் ஊடாக மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. அதே மக்கள்தான் அதையும் நட்டார்கள். அவர்கள் உழைப்பில் நாடு பிழைத்தது. ஆனால் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். நாடு இல்லாமல் கையில் ஒரு கடதாசியோடு நிற்பது என்னவென்று அறிந்த நாங்கள், இதைக் கேட்டு இலேசாகக் கடந்து போக முடியாது.

நாங்கள் போனது அந்த மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்த வருடம். நாங்கள் ஜேர்மனிக்குத் திரும்பும் கிழமையில், ஜூலை 28ஆம் திகதி, அவர்களின் சந்ததியினரும் மற்றவர்களும் தலைமன்னாரிலிருந்து அதே வழியால் நடக்கத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். மதவாச்சியிலிருந்து மாத்தளைவரை நாங்கள் பஸ்ஸில் சில மணி நேரத்தில் போன வீதி அது.

பின்னேரம் கண்டியில் இறங்கினோம். அந்தப் பெண், "நாளைக்கு நுவரெலியா பஸ்ஸுல வாறப்ப புசல்லாவையில இறங்கி வீட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். நாங்கள் ஒரு சாதாரண விடுதியில் தங்கி, மறுநாள் காலை கம்பளை வழியாகப் புறப்பட்டோம். மலை ஏற ஏற வளைவுகள். மகனுக்குத் தலைசுற்று. இஞ்சி இனிப்பு கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

புசல்லாவையில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனோம். நீளமான லயம், ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறையும் ஒரு சின்னக் குசினியும். எங்களுக்குக் கதிரை போட்டு, பிளேன்ரீயும் ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். கொழுந்து பறிக்கும் அவருடைய அக்காவின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. அதுவும் பல வருடம் போராடி 2021இல் கிடைத்தது. யூரோவில் கணக்குப் பார்த்தால் மூன்று யூரோவும் வராது. அதற்கும் நாளுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. 2024இல் அது 1,350 ரூபாவானது, பிறகும் கூடியிருக்கிறது. ஆனாலும் விலைவாசியோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அங்கே இருந்தபோதுதான், பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

1980இல் எங்கள் வீட்டில் வேலைக்கு ஒரு பிள்ளை நின்றாள். எனக்கு எட்டு வயது. அவளுக்குப் பத்து அல்லது பதினொன்று. மலைநாட்டிலிருந்து யாரோ தரகர் கொண்டுவந்து விட்டார். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அவள் முற்றம் கூட்டுவாள். எங்கள் வீட்டில் அவளை அடித்தது இல்லை, சாப்பாட்டில் குறை வைத்ததும் இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா. அது உண்மை. அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதும் உண்மை. அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டி நாங்கள் சிரிப்போம். "எங்க ஊர்ல பஸ்ஸு மேகத்துக்குள்ள போகும்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிவந்து சிரித்தோம். 1983 கலவரத்துக்குப் பிறகு தகப்பன் வந்து கூட்டிப்போனார். அதோடு சரி.

"அவள் இந்தப் பக்கம் என்றுதான் நினைவு" என்று அந்த அக்காவிடம் சொன்னேன். "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்த பிள்ளையின் தோட்டத்தின் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் மறுபடி பஸ் ஏறினோம். றம்பொடைக்கு மேலே போகும்போது யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக உள்ளே வந்தது. முகம் நனைந்தது. மகன், "அம்மா, நாங்கள் மேகத்துக்குள்ள போகிறோம்!" என்று கத்தினான். நான் அழுதேன். அன்று இரவு நுவரெலியாக் குளிரில் போர்வைக்குள் இருந்து பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கோபித்தாள். "அம்மம்மாவிடம் நான் கேட்பேன்" என்றாள். கேள் என்றேன்.

மறுநாள் நானுஓயாவிலிருந்து ரயில். மூன்றாம் வகுப்பு ரிக்கற் டுசல்டோர்ஃபில் ஒரு தடவை ட்ராமில் ஏறுவதைவிட மலிவு. பட்டிப்பொல 1,898 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும் அந்த மாதங்களில் மலையின் மேற்குப் பக்கம் மழை, கிழக்குப் பக்கம் வெயில். பட்டிப்பொலவைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்த ரயில், வெயிலில் வெளியே வந்தது. எல்லவில் இறங்கி, 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தோம். பிறகு பதுளை, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. மூன்று பேரின் ஒரு கிழமைப் பயணச் செலவு, கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிடிக்கும் வானின் ஒருவழிக் காசைவிடக் குறைவாகத்தான் வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மலைப்பாதையில் இரவு பஸ் வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலைப் பகுதியிலும், செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். பகலில் மட்டும் போங்கள். அந்த நவம்பரில் வந்த டிட்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவால் வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். விசா நடைமுறையும் மாறுவதுண்டு, ரிக்கற் எடுக்குமுன் பாருங்கள். குளிருடுப்பு, மழையங்கி கட்டாயம். புல்வெளியில் நடந்தால் அட்டை கடிக்கும், உப்பு வைத்திருங்கள்.

அகதிக்கான நீலப் பயணப் பத்திரத்தோடு இருப்பவர்களுக்கு இந்தப் பயணம் இன்னும் மூடிய கதவுதான். இதைக் கேட்டு அவர்கள் மனம் நோகக்கூடாது என்பதும் என் விருப்பம்.

ஜேர்மனிக்கு வந்தபின் மகள் அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. முதலில் கோபப்பட்டா. பிறகு கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னா. தோட்டத்தின் பெயர் அம்மாவுக்கும் தெரியாது. புசல்லாவை அக்காவுக்கு அந்தப் பெயரை அனுப்பியிருக்கிறோம். அவர் அங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் தகவல் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை நின்றிருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வானுக்குச் சொல்லுமுன் பஸ்ஸைப் பற்றியும் ஒருக்கால் யோசியுங்கள்.