ஒரு மாணவரின் கேள்வி



வேலையைவிட விளம்பரம் பெரிசாகிவிட்ட காலம் இது. வில்லியம் லெமெஷூரியர் என்று ஒரு பொறியாளர் இருந்தார். நியூயார்க்கில் 1977-இல் கட்டி முடித்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டிடத்தின் கட்டமைப்பு அவருடையது. மறு வருஷம் ஒரு கல்லூரி மாணவர், 'தூண்கள் ஏன் மூலையில் இல்லை?' என்று போனில் கேட்டார். சின்னப் பிள்ளைதானேன்னு விட்டுடலை, விளக்கினார். பிறகு கணக்கைத் திரும்பப் போட்டார். மூலைவாட்டில் அடிக்கிற காற்றுக்கு, வெல்டிங்குக்குப் பதிலாகப் போட்ட போல்ட்டுகள் போதாது என்றது கணக்கு. (நம்மில் எத்தனை பேர் ஜூனியர் கேட்டால் டிராயிங்கை விரிக்கிறோம்?) வாயைத் திறந்தால் பேர் போகும், வழக்கு வரும். தெரிந்தே உரிமையாளர்களிடம் போய்ச் சொன்னார். ராத்திரி ராத்திரியாக எஃகுத் தகடு வைத்து வெல்டிங் நடந்தது.

ஊருக்குத் தெரிந்தது 1995-இல்தான். அத்தனை வருஷம் மூடி வைத்தது சரியில்லை என்பது என் கட்சி.