வலியைச் சொல்லுவோம்

நான் நாகலாபுரம். பத்தாவது படித்தவள். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கோங்க.

இந்தப் "பொறுத்துக்கோ" பற்றித்தான் பேச வந்தேன். வயசுக்கு வந்த நாளிலிருந்து நாம கேட்கிற வார்த்தை இது. வயிற்று வலியா, பொறுத்துக்கோ. பிரசவ வலியா, சத்தம் போடாம பொறுத்துக்கோ. பொறுத்தவள் நல்ல பொம்பளை, கத்தினவள் அடங்காதவள்.

என் மாமியார், எங்க அத்தை, அப்படி நல்ல பேர் எடுத்தவங்க. மிளகாய்ப் பழம் எடுக்கும்போது நாலு பேரோடு பேசிச் சிரிச்சு வேலை பார்ப்பாங்க. ராத்திரி படுத்தா இடுப்பு கடுக்குதுன்னு முனகுவாங்க. "காட்டுல வராத வலி வீட்டுல மட்டும் வருதா? நடிப்பு" என்று பேசினோம். நானும்தான் பேசினேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்.

ஏழு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாங்க, அடி இறங்கியிருக்கு என்று. கர்ப்பப்பை இறக்கம். வெளியே சொன்னால் கேவலம் என்று மறைத்திருக்காங்க. அவங்க சொல்லச் சொல்லித்தான் இதை இங்கே சொல்கிறேன்.

டாக்டரம்மா எனக்கு விளக்கினாங்க. பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது மனசு வலியை மறந்திருக்கும். பயந்து தனியாகப் படுத்தால் அதே வலி கூடும். அதுக்காக வலி பொய்யாகிவிடாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-லேயே வலியில் உடம்பும் உண்டு, மனசும் உண்டு என்று எழுதியிருக்கிறதாம். ஒருத்தர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்கணும் என்று 2020-ல் சேர்த்ததாம். நாமளும் கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம். சொல் ஒன்றுதானே!

அடி இறக்கத்தை ஆரம்பத்தில் காட்டினால் பயிற்சி, உள்ளே வைக்கிற வளையம் என்று வழி இருக்கு. அத்தைக்கு ஆபரேஷன் வரை போச்சு. இப்போ நல்லா இருக்காங்க.

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வலர் நம்மைப் போல ஒரு குழுப் பெண்தான். அவங்ககிட்டே கூச்சப்படாமல் சொல்லுங்க. எங்கே வலிக்குது, எப்போ வலிக்குது, குத்துதா கடுக்குதா, பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்க.

குழுக் கூட்டத்தில் சந்தா கட்டியாச்சா, கடன் கட்டியாச்சா என்று கேட்கிறோம். கூடவே "உடம்புக்கு என்ன செய்யுது?" என்றும் கேட்போம். சொன்னாலே பாதி பாரம் இறங்கும். மீதிக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவோம்.