பந்தியில் விடுபட்டவர்களும் பாக் நீரிணையும்



திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு பந்தித் தகராறு வருகிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய சீடர்கள், எபிரேய மொழி பேசியவர்கள்மேல் முணுமுணுத்தார்கள். நம் பங்கில் இப்படி நடந்தால், "பரிமாறினது யார்?" என்றுதான் முதலில் கேட்போம். திருத்தூதர்கள் அதைக் கேட்கவில்லை. சீடர்களின் தொகை பெருகியிருந்தது என்று லூக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பன்னிருவரே இறைவாக்கையும் பந்தியையும் சேர்த்துச் சுமந்தால், யாராவது விடுபடத்தான் செய்வார்கள். எனவே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆட்களை மட்டும் பார்க்காமல் ஏற்பாடு முழுவதையும் பார்க்கிற இந்தப் பார்வை, பாக் நீரிணைச் சண்டைக்கும் வேண்டும்.

"எங்கள் மீனை அள்ளுகிறார்கள்" என்கிறது யாழ்ப்பாணக் கரை. "எங்கள் பிள்ளைகளைப் பிடித்துப்போகிறார்கள்" என்கிறது இராமேஸ்வரம் கரை. இரண்டும் உண்மை. 1960-களிலிருந்து அரசு மானியத்தோடு விசைப்படகுகள் பெருகின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. இழுவைமடி கடலின் தரையை வாரியது, மீன்குஞ்சும் அதோடு போனது. பாடு குறையக் குறைய, டீசல் கடன் ஏற ஏற, படகு எல்லை தாண்டியது. போர்க்காலத்தில் அக்கரையார் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்ததால் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2009-க்குப் பின் அவர்கள் மறுபடி வலை விரித்தபோது, நம் மடி அதை அறுத்தது. 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. படகு பிடிபட்டால் கடன் கூடுகிறது. கடன் கூடினால் மறுபடியும் எல்லை. இதில் கூலிக்குப் போனவர்தான் சிறையில் இருக்கிறார்.

எல்லை தாண்டுவதும் வலை அறுப்பதும் தவறில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏசுவதால் மட்டும் இந்தச் சுழல் நிற்காது. முன்பு நம் கரையிலேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் மோதல் வந்தது. வாரத்தில் 3 நாள் இவர்கள், 4 நாள் அவர்கள் என்று ஒழுங்கு வைத்தார்கள். 2017-இல் ஆழ்கடல் படகுக்கு மாற மானியத் திட்டமும் வந்தது. ஆனால் மீதிப் பணத்துக்குக் கடன் வாங்க வேண்டும், ஆழ்கடல் தொழிலும் பழக வேண்டும். அங்கேதான் பலர் தயங்கி நிற்கிறார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே திருப்பலியில் நின்று, சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறோம். இரவும் அங்கேயே தங்குகிறோம். யாருடைய வலை எப்போது அறுந்தது, யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒருவரையொருவர் கேட்க அந்த இரவில் நேரம் இருக்கிறது.