கால் றாத்தல் சீனியும் ஒரு கடன் கொப்பியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பேசும் மேடையில் கடை நடத்தும் சகோதரிகள் இருவருக்கு என்ன வேலை என்று சங்கச் செயலாளரிடம் நாங்களே கேட்டோம். "நுகர்வு மோகத்தைப் பற்றியும் எளிய சந்தோசங்களைப் பற்றியும் ஒரு கடைக்காரர் சொன்னால் நல்லது" என்றார். சாமான் விற்றுச் சீவிப்பவர்களைக் கூப்பிட்டு, சாமான் வாங்குவதைப் பற்றிப் புத்தி சொல்லக் கேட்பது, மீன் விற்பவரிடம் சைவ உணவின் மேன்மையைக் கேட்பது போலத்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டோம். எங்களுக்கும் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது.

எங்கள் கடை தொண்டைமானாற்றில், செல்வச் சந்நிதிக்குப் போகும் பாதையில் இருக்கிறது. ஐயா தொடங்கியது. எங்களில் மூத்தவள் கணக்குக் கொப்பியைப் பார்ப்பாள், இளையவள் தராசைப் பார்ப்பாள். குறுக்கே ஒரு நீள மேசை, அதற்குப் பின்னால் றாக்கைகள், வாசலில் ஒரு வாங்கு. மெற்றிக் அளவை வந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் ஐயாவுக்குச் சீனி கால் றாத்தல்தான். மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் கடதாசிச் சரையில். அந்தக் கடதாசியில் பாதி, எங்கள் ஊரின் பெயரை வடக்குக் கிழக்கெங்கும் கொண்டுபோன தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள். ஒரு ஆச்சியின் பேத்தி, வெந்தயச் சரையை விரித்து இரசாயனவியல் கேள்விக்கு வாசலிலேயே விடை சொன்னாள். விடை சரியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கலைப்பிரிவு.

யுத்தத்தில் இரண்டு முறை கடையை விட்டு ஓடினோம். ஒருமுறை திரும்பி வந்தபோது தராசில் ஒரு தட்டுத்தான் மிஞ்சியிருந்தது. 1990 இற்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பற்றரி, சீமெந்து, யூரியா, பெற்றோல் எதுவும் ஒழுங்காக வராது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் போத்தல் கணக்கில்தான். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, நூல் திரியைத் தொங்கவிட்டுப் படித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் தோழிகள் வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அப்ப எவ்வளவு எளிமையா, சந்தோசமா இருந்தனாங்கள்" என்பார்கள். அன்போடு சொல்வதுதான், எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் நாங்கள். பிள்ளைக்குப் பால்மா கேட்டு வந்த தாயிடம் "இல்லை" என்று சொன்ன வாய் எங்களுடையது. அதை எளிமை என்று சொல்ல எங்களுக்கு நா எழாது. வாங்கக் கூடியதாயிருந்தும் ஒருவர் வேண்டாம் என்று விட்டால் அது எளிமை. வாங்கவே விடாமல் செய்தால் அதற்கு வேறு பெயர்.

2009 இற்குப் பிறகு ஏ9 பாதையால் எல்லாம் வந்தது. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், அவற்றோடு லீசிங் கொம்பனிகளும். இருபது வருசம் ஒன்றும் வாங்க முடியாமல் இருந்த சனம் வாங்கியது. அதை ஒரு குறையாக நாங்கள் சொல்ல மாட்டோம். முதன்முதலாகக் கடையில் ஐஸ்கிறீம் பெட்டி வைத்த அன்று எங்களில் இளையவளே மூன்று குடித்தாள்.

யாழ்ப்பாணத்தில் சுப்பர்மார்க்கெட்டுகள் வந்தபோது எங்களுக்கும் பயம் பிடித்தது. மொத்த வியாபாரி ஒருவர், "மேசையை எடுத்து விடுங்கோ, சனம் தானே எடுக்கட்டும்" என்றார். புதிய யோசனை இல்லை அது. 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையில் ஆட்களைத் தாங்களே எடுக்க விட்டார். 1937 இல் ஒக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர், கைக்கூடை நிறைந்து பாரமானதும் ஆட்கள் வாங்குவதை நிறுத்துகிறார்கள் என்று கண்டு, கூடைக்குச் சில்லுப் பூட்டினார். கெட்டிக்காரர்தான். கை வலிக்காவிட்டால் மனுசர் நிறுத்துவதில்லை.

நாங்களும் மேசையை எடுத்தோம். முதல் மாதமே விற்பனை கூடியது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகள் கைக்கெட்டியதை எல்லாம் எடுத்து வந்தார்கள். காசு கொடுக்கும் இடத்தில் தாய்மார் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்கள், பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க. முன்பு "ஐம்பது கிராம் தேயிலை" என்று காதோடு கேட்டு வாங்கிப் போனவர்கள், பொதியின் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். மூன்றாம் மாதம் மேசையைத் திரும்பப் போட்டோம். மொத்த வியாபாரி சிரித்தார். எங்களில் மூத்தவளும் இன்றுவரை அது பிழையான முடிவு என்றுதான் சொல்லுவாள். கணக்குப் பார்ப்பவள் அவள்.

இனித்தான் சொல்ல வந்த விசயம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் எடுத்திருந்தார். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. ஒரு நாள் அவர் கடைப்பக்கம் வருவது நின்றது. வேறு கடைக்குப் போகிறாராக்கும் என்று எங்களுக்குள் கோபித்தோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் கொப்பியிலும் அவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் கடன். எங்கள் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு, ஏரிக்கரையால் சுற்றி நடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போயிருக்கிறார்.

கொம்பனிக் கடனை எத்தனையோ நாள் வாங்கிலிருந்து திட்டியவர்கள் நாங்கள். எங்கள் கொப்பிக்கு வட்டி இல்லை, அதனால் அது கடனே இல்லை என்று நினைத்திருந்தோம். ஒரு தாயை வழி மாறி நடக்க வைத்தது அந்தக் கொப்பியும்தான்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு இரத்துச் செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவித்தது. ஒரு கிராமத்துக் கடையால் அப்படி அறிவிக்க முடியாது. அறிவித்தால் அடுத்த மாதம் கடை இருக்காது. மூத்தவள் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனாள். கொப்பியைக் கொண்டு போகவில்லை. பனங்கட்டிக் குட்டான் ஒன்றைக் கொண்டுபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள். அடுத்த கிழமை அவர் வந்தார். கிழமைக்கு நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். சரி என்றோம்.

அதன் பிறகு கொப்பியில் ஒரு மாற்றம் செய்தோம். அரிசி, மா, பருப்பு, பால்மா, தேயிலை, சீனி, மருந்து, கொப்பி பென்சில் இவற்றுக்குத்தான் கடன். சோடாவுக்கும் பொதி செய்த தீனிக்கும் காசு. இதற்காக எங்களைத் திட்டியவர்களும் உண்டு. "நீங்கள் ஆர் எங்களுக்குச் சொல்ல?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான், எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. பிறகு ஒருவர், தவணைக்குக் கைத்தொலைபேசி விற்கும் முகவராக இருக்கச் சொல்லி வந்தார். தரகுப் பணம் நல்ல தொகை. இரண்டு இரவு நித்திரை இல்லாமல் சண்டை பிடித்துக்கொண்டு, கடைசியில் வேண்டாம் என்று சொன்னோம். அந்த வருசம் கடைக் கூரையைத் திருத்த முடியவில்லை.

2022 வந்தது. ஆவணியில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. தொழிலுக்குப் போகும் படகுகள் கரையில் கிடந்தன. ஒரு நாள் அந்தத் தாய் வந்து, "அக்கா, பழைய ஜாம் போத்தல் இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் பழைய விளக்கு றாக்கையின் மேல் தட்டில் தூசியோடு இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும்போது எங்களுக்குப் பழங்காலச் சந்தோசம் ஒன்றும் வரவில்லை. கை நடுங்கியது.

சந்தோசம் எது என்று செயலாளர் கேட்டாரல்லவா. வெயில் தாழ, ஏரியிலிருந்து காற்று வரும் நேரம், வாங்கில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் இறால் விலை கதைப்பார், ஒருவர் சந்நிதியில் அன்றைக்கு என்ன கறி என்று சொல்லுவார். பலர் ஒன்றும் வாங்குவதில்லை. அவர்களை எழுப்பிவிட ஐயா ஒருநாளும் விட்டதில்லை, நாங்களும் விடுவதில்லை. அந்தத் தாயும் இப்போது அங்கே வந்து இருக்கிறார். கடன் தீர இன்னும் அறுநூறு ரூபாய் இருக்கிறது. அது தீர்ந்தால் கிழமைதோறும் வருவாரோ என்று எங்களுக்குள் ஒரு சின்னப் பயம்.

நேரம் போய்விட்டது, மணி அடிக்கிறார்கள். நாளைக்குக் காலை ஐந்தரைக்குக் கடை திறக்க வேண்டும், பாண்காரர் வந்துவிடுவார். ஊருக்கு வரும் தோழிகள் எங்களுக்குச் சொக்லேட் கொண்டுவர வேண்டாம், நாங்களே விற்கிறோம். வந்து வாங்கில் இருங்கள்.